பட்லர் இங்கிலீஷ்

அந்தப் பள்ளிக்கூடம் இப்போது இல்லை. இருந்த இடத்தில் சேலைக்கடை வந்துவிட்டது. கடை நன்றாக நடக்கட்டும். அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்திய ஆள் மட்டும் எங்காவது என் கண்ணில் பட்டால், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன். இத்தனை வருஷமாகியும் நினைத்தால் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. செகந்திராபாத் வாடகை வீட்டைக் காலிசெய்துவிட்டுக் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனிக்குக் குடிவந்திருந்தோம். அப்பாவுக்கு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. அவருக்குப் பக்கம். எனக்குத்தான் பள்ளிக்கூடம் இல்லாமல் போயிற்று. பழைய பள்ளிக்குப் போக இரண்டு பஸ் மாறவேண்டும். காலனிக்குப் பக்கத்தில் இருந்த மற்ற பள்ளிகளில் இடம் நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது புதிதாகத் திறந்த இந்த ஒன்றுதான். இங்கேயும் கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் வீட்டில் உட்காரவேண்டியதுதான். பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்னால் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசிப்பார்ப்பார்களாம். அதுவும் இங்கிலீஷில்.

அம்மா வரமாட்டேன் என்றாள். "நீங்க மட்டும் கூட்டிட்டுப் போங்க. நான் எதையாவது ஒளறிவெச்சு, எதுக்கு வம்பு?" என்று வீட்டிலேயே தங்கிவிட்டாள். அப்பா உற்சாகமாகக் கிளம்பினார். இங்கிலீஷ்தானே, அது நம் குடும்பச் சொத்து என்பது அவர் எண்ணம்.

சொத்து வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். தாத்தா கண்டோன்மெண்டில், ஆபீசர்கள் சாப்பிடும் மெஸ்ஸில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பரிமாறும் பேரராக இருந்தவர். மேஜைக்குப் பின்னால் தட்டு ஏந்தி நின்றபடி காதில் வாங்கிய இங்கிலீஷை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்பா எனக்கு. ராத்திரிச் சாப்பாட்டின்போது இங்கிலீஷ் மட்டுமே பேசவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். முகம் பார்க்கும் கண்ணாடி எங்களுக்கு லுக்கிங் கிளாஸ். ரேடியோ வயர்லெஸ். முற்பகல் ஃபோர்நூன். ஒவ்வொன்றுக்கும் அப்பா ஒரு கதை வைத்திருப்பார். ஃபார்ட்நைட் என்றால் பதினான்கு இரவு. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் நாட்களை இரவு கணக்கில்தான் எண்ணினார்களாம். காருக்குப் பின்னால் டிக்கி என்கிறோமே, குதிரைவண்டி ஓடிய நாளில் அது வேலைக்காரன் உட்காரும் பின்ஸீட்டாம். இதையெல்லாம் தாத்தா எப்படிச் சொன்னார், எந்த மேஜர் அவருக்கு விளக்கினார் என்பதும் சேர்ந்து வரும். எனக்குக் கையில் பருப்புச் சோறு காய்ந்துகொண்டிருக்கும். எப்போதடா விடுவார் என்றிருக்கும்.

பள்ளிக்கூடத்து ஆள் அப்பாவைவிட வயதில் சின்னவன். கழுத்தில் டை. ஏசி அறை. பழைய பள்ளியை ஏன் விட்டீர்கள் என்று கேட்டான். ஒரு ஃபார்ட்நைட்டுக்கு முன்னால்தான் இங்கே குடிவந்தோம், நேற்று ஃபோர்நூனிலேயே தங்களைச் சந்திப்பதாக இருந்தேன் என்று அப்பா நிறுத்தி நிதானமாக இங்கிலீஷில் சொன்னார். அந்த ஆள் பேனாவைக் கீழே வைத்தான். பக்கத்து அறையில் இருந்த மேடத்தைக் கூப்பிட்டான். "சார், இன்னொரு தரம் சொல்லுங்க, இவங்களும் கேக்கட்டும்" என்றான்.

அப்பா பாவம், அவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து மறுபடியும் சொன்னார். போதாக்குறைக்குப் பதினான்கு இரவுக் கதையையும் சொன்னார். இதையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று அந்த ஆள் கேட்க, தாத்தாவின் மெஸ்ஸைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்.

"பட்லர் இங்கிலீஷ்!" என்று மேஜையைத் தட்டினான் அந்த ஆள். மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்போதாவது எழுந்து வந்திருக்கலாம். அப்பா திருத்தினார். பட்லர் என்றால் ஆதியில் பாட்டில்களைக் காப்பவர், வீட்டு வேலையாட்களுக்கெல்லாம் தலைவர், பெரிய பதவி; என் தகப்பனார் அவ்வளவு உயரத்தில் இல்லை, அவர் வெறும் பேரர்தான் என்று மரியாதையாக விளக்கினார். சிரித்துச் சிரித்து அந்த ஆளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அட கடவுளே! ஃபோர்நூன் இன்றைக்கும் சர்க்கார் ஆபீஸ் காகிதங்களில் இருக்கிறது, போய்ப் பார்க்கட்டும். அவன் பேசிய இங்கிலீஷ் மட்டும் என்ன, அவன் அப்பன் வீட்டுத் தோட்டத்தில் முளைத்ததா? அவனும் எவனோ பேசியதைக் காதில் வாங்கியவன்தானே!

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடம் தருகிறேன், ஒரே ஒரு கண்டிஷன் என்றான். வீட்டில் பாப்பாவிடம் நீங்கள் இங்கிலீஷ் பேசக்கூடாது, பேசினால் அவளுக்கும் தொற்றிக்கொள்ளும், நாங்கள் கஷ்டப்பட்டுச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் வீணாகிவிடும் என்றான். இதைத் தெலுங்கில்தான் சொன்னான். அப்பாவோடு இங்கிலீஷில் பேசுவதே தண்டம் என்று முடிவுகட்டிவிட்டான்.

அப்பா கோபக்காரர். கம்பெனியில் லாரிக்காரர்களை நடுங்கவைப்பார். இப்போது ஒரு கத்து கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம், "சரி சார். தேங்க் யூ சார்" என்றார். எனக்கு அந்த ஆள்மேல் எவ்வளவு ஆத்திரமோ, அந்த தேங்க் யூமேலும் அவ்வளவு ஆத்திரம்.

வாசலிலேயே அம்மா கேட்டாள்: "நல்லாப் பேசினீங்களா?"

"ஹவ், ஆமா. ஸீட் குடுத்துட்டாங்க."

அம்மா கேசரி கிளறினாள். அன்று ராத்திரி நான் பழக்கத்தில் தண்ணீரை இங்கிலீஷில் கேட்டேன்.

"நக்கோம்மா, வேணாம். தமிழ்லயே கேளு" என்றார் அப்பா.

நான் "ஹையா!" என்று கத்தினேன். புதுப் பள்ளியும் கிடைத்தது, ராத்திரி இம்சையும் ஒழிந்தது. இதைவிட ஒரு பிள்ளைக்கு என்ன வேண்டும்? அப்பா சிரித்த மாதிரிதான் இருந்தது. மறுநாளும் இங்கிலீஷ் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. அப்பா வாயைத் திறக்காமல் சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார். நான் நேரே டிவி முன்னால் போய் உட்காருவேன். அவருக்குத் தன் அப்பாவைப் பற்றிப் பேச வேறு வழி இருக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.