மணியம் கொடுத்த ஆண் மீன்

செய்தி வந்தபோது நான் மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். நம் மீன் வளர்ப்போர் வாட்சாப் குழுவில், "மணியம் அண்ணன் காலையில தவறிட்டாரு. நெஞ்சு வலி. நாளைக்கு மெர்போக் வீட்டுலதான் இறுதிச் சடங்கு" என்று போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே இரங்கல்கள் வந்தபடியே இருந்தன. பெண்டாங்கிலிருந்து, பண்டார் பாருவிலிருந்து, அவரை ஒரே ஒரு முறை பார்த்தவர்களிடமிருந்துகூட. நானும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டேன். பிறகு, நான் செத்தால் இதில் பாதியாவது வருமா என்று மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணியத்தைப் பற்றிக் குழுவுக்கு எழுதச் சொன்னீர்கள். இதை மறைத்துவிட்டு என்னால் எழுத முடியாது.

மணியம் பாமாயில் ஆலையில் வேலை பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் பன்னிரண்டு தொட்டி. எல்லாம் ஏஞ்சல் மீன். சிக்லிட் குடும்பத்தில் பல மீன்களுக்கு ஆணின் நிறமோ தலைப் புடைப்போ காட்டிக் கொடுத்துவிடும். ஏஞ்சலில் ஆணும் பெண்ணும் ஒரே அச்சு. முட்டையிடப் போகும் நேரத்தில் மட்டும் வயிற்றுக்கடியில் சிறு குழாய் ஒன்று எட்டிப் பார்க்கும். ஆணுக்கு ஒல்லியாகக் கூர்மையாக இருக்கும், பெண்ணுக்குத் தடித்து மழுங்கி இருக்கும். நாமெல்லாம் அதற்காக டார்ச் விளக்கோடு காத்துக் கிடப்போம். மணியமோ குழாய் வெளிவருமுன்பே சொல்லிவிடுவார்.

"எப்படி மணியம்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தெரியல அண்ணே. பாத்துக்கிட்டே இருந்தா அதுவே சொல்லிடும் லா."

நான் அவருக்கு முன்பே ஏஞ்சல் வளர்க்கத் தொடங்கியவன். இத்தனை வருடம் பார்த்தும் என்னிடம் எந்த மீனும் எதுவும் சொன்னதில்லை. சுங்கைப்பட்டாணியில் என் வீட்டுக்கு மீன் வாங்க வருகிறவர்களும் "மணியம் பாத்துட்டாரா?" என்றுதான் கேட்பார்கள். அவர் வந்தால் என் மனைவி கலக்கும் தேநீரில் பால் தூக்கலாக இருக்கும். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஒரு முறை என்னிடமிருந்த இரண்டு மீன்களைப் பார்த்து, "இது ஆணு, அது பொண்ணு" என்றார். சொன்னபடியே அவை சேர்ந்து திரிந்தன, முட்டையும் வைத்தன. இரண்டே நாளில் அத்தனையும் வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்தது. அடுத்த முறையும் அப்படியே. நான் தண்ணீரைக் குறை சொன்னேன், மருந்தை மாற்றினேன், ஐந்தாறு மாதம் போனது. கடைசியில் டார்ச் அடித்து உற்றுப் பார்த்தேன். இரண்டு குழாயும் மழுங்கியிருந்தன. இரண்டும் பெண்! மாறி மாறி முட்டையிட்டு என்னை ஏமாற்றியிருக்கின்றன. நட்டம் எனக்குத்தான், ஆனால் அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. உடனே படம் எடுத்து, "நம் நிபுணர் ஜோடி சேர்த்த அழகைப் பாருங்கள்" என்று குழுவில் போட்டேன்.

"என் தப்புதான் அண்ணே. மன்னிச்சிடுங்க" என்று எல்லார் முன்னிலையிலும் எழுதினார் மணியம். நீங்கள் சிரிப்பீர்கள் என்று பார்த்தால், அவருடைய நேர்மையைப் புகழ்ந்தீர்கள்.

அன்று மாலையே கொட்டும் மழையில் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். மழைச்சட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் பை. அதில், யார் கேட்டும் விற்காத அவருடைய நீளக் கறுப்புத் துடுப்பு ஆண்.

"ஜோடியப் பிரிச்சிட்டியா மணியம்?"

"என்னாலதானே உங்களுக்கு இத்தன மாசம் வீணாப் போச்சி. நீங்க வச்சிக்குங்க லா."

அவர் திட்டியிருந்தால் எனக்கு அவரைப் பிடித்திருக்கும். அவர் போனதும் என் மனைவி, "இந்த மனசு யாருக்குங்க வரும்?" என்றாள். நான் தொட்டியைக் கழுவப் போய்விட்டேன்.

அந்த ஆண் என் பெண் மீன்களில் ஒன்றோடு சேர்ந்தது. தொட்டி நிறையக் குஞ்சுகள், எல்லாம் தகப்பன் ஜாடை. அதில் ஒன்றுதான் நம் குழு நடத்திய போட்டியில் முதல் பரிசு வாங்கியது. எங்கே பிடித்த வம்சம் என்று நீங்கள் கேட்டீர்கள். "எங்க வீட்டு வம்சம் லா. பத்து வருசமாப் பொறுக்கி வளத்தது" என்றேன். மணியம் இரண்டடி தள்ளி நின்றார். அவர் மீனுக்கு இரண்டாம் பரிசு. குனிந்து என் மீனைப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு அண்ணே" என்றார், அவ்வளவுதான். யாரிடமாவது சொல்லிவிடுவார் என்று பதில்களைத் தயார் செய்து வைத்துக்கொண்டு ஒரு மாதம் காத்திருந்தேன். அவர் சொல்லவேயில்லை.

சாவு வீட்டில் அவர் மனைவி சரசு என்னைப் பார்த்ததும் அழுதபடி கேட்டார்.

"அண்ணே, மழையில தூக்கிட்டு வந்தாரே, அந்த ஆணு இன்னும் இருக்கா? அதப் பத்தியே பேசுவாரு. ஒங்ககிட்ட கேட்டா சங்கடப்படுவீங்கன்னு கேக்கல."

பக்கத்தில் நம் குழுவினர் நான்கைந்து பேர் நின்றிருந்தீர்கள். "இருக்கும்மா" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். மணியத்தின் உடல் கூடத்தில் கிடக்கும்போதுகூட, உங்கள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலையாக இருந்தது.

அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். என்னிடம் நீங்கள் வாங்கிய நீளக் கறுப்புத் துடுப்பு ஏஞ்சல்கள் அத்தனையும் மணியத்தின் வம்சம். அந்தப் பரிசும் அவருடையது. கிழடாகிவிட்ட அந்த ஆண் என் வீட்டில்தான் இருக்கிறது. அதை யாருக்கும் தரமாட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அது ஒன்றுதான். இதைப் படித்துவிட்டு நீங்கள் மறுபடியும் மணியத்தைத்தான் புகழப் போகிறீர்கள். தெரிந்துதான் எழுதுகிறேன்.