ஒரே பானை கம்யூனிஸ்டு

எங்கள் வீட்டில் கம்யூனிஸ்டு என்பது திட்டு வார்த்தை. மின்விசிறியைக் கடை ஆட்கள் பக்கம் திருப்பி வைத்தால் நான் கம்யூனிஸ்டு. மகனுக்கும் மகளுக்கும் அல்வாவைச் சரிபாதியாகப் பிட்டுக் கொடுத்தாலும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை அரைநாள் கடையை அடைக்கலாமே என்று வாய்திறந்தாலும் என் கணவர் கொடுப்பது அதே பட்டம். அப்படியென்ன செய்துவிட்டோம், அதற்கு என்னதான் அர்த்தம் என்று காலேஜில் படிக்கும் மகளிடம் கேட்டேன். மொபைலைத் தட்டிப் பார்த்தாள்.

"நிலம், ஃபேக்டரி எல்லாம் எல்லாருக்கும் பொதுன்னு சொல்றவங்கம்மா. தமிழ்ல பொதுவுடைமை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொதுவாக்க என் கையில் இருந்தது சோற்றுப் பானை மட்டும்தான்.

மும்பை தாராவியில் கீழே எங்கள் மளிகைக் கடை, ஏணிப்படி ஏறினால் வீடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மதியத்துக்கு இரண்டு உலை வைத்தேன். வீட்டுக்குச் சன்ன அரிசி, கடை ஆட்களுக்குத் தடித்த மோட்டா அரிசி. முதலாளி வீடென்றால் அப்படித்தான் என்று ஊரிலிருந்து மூட்டை முடிச்சோடு கூடவே வந்த வழக்கம் அது. போன வருஷம் என் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. இரண்டாவது உலை கொதிக்கும்வரை நிற்க முடியவில்லை. சொன்னால் யார் காதில் விழுகிறது? ஒருநாள் மோட்டா அரிசியை மட்டும் பெரிய பானையில் பொங்கி, எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பரிமாறிவிட்டேன்.

கணவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டையே பார்த்தார்.

"என்னட்டி, இது கடை ஆளுக்குள்ள அரிசில்லா?"

"இனிமே ஒரே பானைதான். கால் வலிக்கி."

"கம்யூனிஸ்டு! எல்லாரையும் ஒண்ணாக்கி லஃப்டா, கலாட்டா பண்ணுதியா?"

அன்று விட்டுக்கொடுத்தால் சாகும்வரை இரண்டு பானைதான்.

"நம்ம கடைச் சரக்குதான? சோறு பூப்போல இருக்கும்னு சொல்லித்தான விக்கியோ?" என்றேன்.

கடை ஆட்கள் குனிந்த தலை நிமிரவில்லை. சிரிப்பை அடக்கியதில் தோள்கள் மட்டும் குலுங்கின. அவர் சாப்பிட்டு எழுந்தார். மறுநாளும் அதே சோறு. அதற்கடுத்த நாள் காலையில், சன்ன அரிசி மூட்டையைத் தானே தோளில் சுமந்துகொண்டு மூச்சுவாங்க ஏணியேறி வந்தார்.

"எல்லாருக்கும் இதையே பொங்கு. அதை மனுசன் திம்பானா?"

"இத்தனை வருசமா யாரு தின்னா?" என்று கேட்டேன்.

மூட்டையை இறக்கி, வாய்க்கட்டை அவரே அவிழ்த்தார்.

"பேசாம உலைய வை, கம்யூனிஸ்டு."

ஒரே ஓர் உலை வைத்தேன்.