அல்லிக்குட்டையில் கிடைத்த விளக்கு

சரோஜா, தாமு! இந்த வாரப் பத்திரிகையில் முதலில் என் பிள்ளைகள் உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். மற்றப் பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும். நேரில் சொல்லலாம் என்று பார்த்தேன்... வாய் வரவில்லை.

எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக் கோக்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் குட்டையை மற்றப் பிள்ளைகள் பார்த்ததில்லை அல்லவா? தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. ராஜா வெட்டிய குளம் ஒன்றும் அல்ல! யுத்த காலத்தில், ஆகாயத்திலிருந்து குண்டு விழுந்தால் பதுங்குவதற்கு என்று பள்ளம் வெட்டினார்களே... அதுதான். யுத்தம் முடிந்தது. பள்ளத்தை மூட யாருக்குப் பொழுது இருந்தது? மழை வந்து நிரப்பிவிட்டது. நாங்கள் குடிவந்த பிறகு சரோஜாவின் அம்மா ஒரு அல்லிக்கிழங்கு போட்டாள். நான் நாலு கெண்டைக் குஞ்சு விட்டேன்.

வசந்த காலத்தில் பாடப் புஸ்தகத்தில் குயில் கூவும். எங்கள் பக்கத்தில் கொசு கூவும்! அதனால் பங்குனியில் குட்டையை இறைத்துவிடுவோம். மீன்கள் துணி துவைக்கிற தொட்டிக்குப் போகும். கிழங்குகளை ஈரச் சாக்கில் சுற்றி வைப்போம். வாரின சேறெல்லாம் வாழைக்கு. சித்திரை வெயில் ஏறுவதற்குள் புதுத் தண்ணீர் விட்டுவிட வேண்டும்.

இந்தத் தடவை நான் இன்னும் ஒரு முழம் ஆழமாக வெட்டினேன். போன வருஷம் அல்லி சரியாகப் பூக்கவில்லையே என்று.

மண்வெட்டி 'ணங்' என்றது.

எங்கள் தெருவில் 'ணங்' என்றால் எல்லாருக்கும் ஒரே நினைப்புதான் — பித்தளை! ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியானபோது, அண்டா குண்டானைக் கொல்லையில் புதைத்துவிட்டு ஓடினவர்கள் அநேகம் பேர். திரும்பி வந்து தோண்டிக்கொண்டவர்களும் உண்டு. திரும்பி வராதவர்களும் உண்டு.

வெளியே எடுத்தேன். ஒரு முழ நீளம். என்ன கனம்! ஒரு முனை கூர். சரோஜா அதை மடியில் வைத்துச் சேற்றைக் கழுவினாள். அம்மா புளி போட்டுத் தேய்த்தாள்.

"இன்னாங்க, மூக்கு பளபளன்னு கீது பாருங்க! பித்தளையேதான்!"

பின்வீட்டுக் கன்னியம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "குத்துவிளக்குத் தண்டுடி அது! மகாலச்சுமி தானா வூடு தேடி வந்துகினு கீறா, வெறுமனே உள்ள எட்துனு போவியா? மஞ்சா குங்குமம் வை!"

வைத்தார்கள் பிள்ளைகளே. அந்தக் கூர் மூக்குக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு செம்பருத்தியும் வைத்தார்கள்.

"நைனா, உள்ளே காசு இருக்குமா?" என்றான் தாமு.

நானும் பார்த்தேன். மூக்குக்குக் கீழே திருகு மரை தெரிந்தது. நான் பெரம்பூர் ரயில்வே தொழிற்சாலையில் ஃபிட்டர் என்பது உங்களுக்குத் தெரியும். மரையைக் கண்டால் ஃபிட்டர் கை சும்மா இருக்குமா? தாமு தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவில் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மரையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டேன். பைப் ரெஞ்சை மாட்டினேன்...

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கரீம் பாய் உள்ளே வந்தார். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். எந்நேரமும் கேலி பேசுகிறவர்.

"இன்னா ஃபிட்டரே, கொல்லையிலே கோயில் கட்டிக்கினியா?"

சிரித்துக்கொண்டே கிட்டே வந்தார். குனிந்து பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"தாமு... கண்ணு... காலை மெள்ள எடு. அவசரமே வாணாம். ஃபிட்டரே, ரெஞ்சை வுடு. திருப்பாதே. வுடு."

"ஏன் பாய்?"

"அது விளக்கு இல்லப்பா. குண்டு! யுத்தத்துலே கப்பல்லேர்ந்து பொட்டி பொட்டியா நான் எறக்கினது. ஏரோப்ளேனை அடிக்கிற பீரங்கிக் குண்டு. இது வெடிக்காம கீது!"

சரோஜா தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் புளி போட்டுத் தேய்ச்சேனே... நான் புளி போட்டுத் தேய்ச்சேனே..." என்று அம்மா திருப்பித் திருப்பிச் சொன்னாள். நான் தாமுவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்த பிறகுதான் கீழே இறக்கினேன்.

தெருவே காலியானது. போலீஸ்காரர் வந்தார், எட்டிப் பார்த்தார், வந்ததைவிட வேகமாகத் திரும்பிப் போனார். பிறகு பட்டாளத்து ஆட்கள் வந்தார்கள். செம்பருத்தியை ஒருவர் மெள்ள எடுத்துக் கீழே வைத்தார். குண்டை மணல் பெட்டியில் படுக்க வைத்து, கடற்கரைக்குக் கொண்டுபோய்க் குழிக்குள் வெடிக்கவைத்தார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் எங்கள் தெருக் காக்கைகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பின.

யுத்தத்தில் துறைமுகத்தைச் சுற்றிலும் பீரங்கி வைத்து வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். மேலே போனது கீழே வராதா? ஒன்று வழி தவறி எங்கள் பள்ளத்துச் சேற்றில் வந்து படுத்துக்கொண்டது. அதன் தலைமேல்தான் இத்தனை வருஷம் அல்லி பூத்தது. சரோஜா, தாமு, நீங்கள் காகிதக் கப்பல் விட்டீர்கள்.

யுத்தம் முடிந்தது என்று பேப்பரில் நாம் படித்துக்கொண்டோம். மண்ணுக்கு யார் படித்துச் சொன்னார்கள்?

ஆகையால் பிள்ளைகளே, மண்ணுக்குள்ளிருந்து இரும்போ பித்தளையோ எட்டிப் பார்த்தால் தொடாதீர்கள். பெரியவர்களைக் கூப்பிடுங்கள். பெரியவர் ஃபிட்டராக இருந்தால் வேறொரு பெரியவரையும் கூப்பிடுங்கள்!

பட்டாளத்து ஆட்கள் நீளக் கம்பியால் குட்டை முழுக்கக் குத்திப் பார்த்து, "வேறொன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். நம்பவேண்டியதுதானே? தொட்டியில் மீன்கள் இடம் போதாமல் துள்ளின. "எப்போ நைனா குட்டையில் இறங்கலாம்?" என்று தாமு கேட்டுவிட்டான். அவனுக்கு அதற்குள் பயம் தெளிந்துவிட்டது.

சரோஜா, தாமு, மறுநாள் நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போனீர்கள். அம்மாவைக் கடைக்கு அனுப்பினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குட்டையில் இறங்கினேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், ஓர் இடம் விடாமல், வெறுங்காலால் சேற்றை மிதித்து மிதித்துத் தடவிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் தண்ணீர் விட்டேன்.