மனேஜர் தொலைபேசியில் இருந்தார்

எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. அதன் பிறகு பயிற்சி என்று யாரும் என்னை எங்கேயும் கூப்பிட்டதில்லை. எழுபதுகளின் நடுப்பகுதியில், மெல்பேர்ண் நகரத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்தின் ஒன்பதாம் மாடியில் நான் தேநீர் வண்டி தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த மாடிக்குத் தீப் பாதுகாப்புப் பொறுப்பாளராக என்னைப் பயிற்சிக்கு அனுப்பப்போவதாகச் சொன்னபோது, வேறு யாருக்கோ சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவர்கள் யோசித்துத்தான் செய்திருந்தார்கள். எந்தக் கதிரையில் யார் இருப்பார், இன்று யார் லீவு, யார் பத்திரிகையோடு கழிவறைக்குப் போனால் அரை மணி நேரத்துக்கு வெளியே வரமாட்டார், எல்லாம் எனக்குத்தான் தெரியும். அவர்களுக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. நான் பயந்த ஆள். காலையில் ட்ராம் தரிப்பிடம் வரை போய்விட்டு, அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கத் திரும்பி ஓடி வருவேன்.

"அடுப்பு உம்மை விட்டுட்டு ஓடாதப்பா" என்பார் என் கணவர். அவர் ரயில்வேயில் பொறியியல் வரைபடம் வரைபவராக இருந்தார். அவருடைய வேலையால்தான் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ணுக்கு வந்தோம். பயிற்சி முடிவில் என் பெயர் எழுதிய சான்றிதழ் ஒன்று கிடைக்கும் என்று நான் சொன்னதும் அவர் சிரிப்பை நிறுத்தினார். என் பெயரில் அப்படி ஒரு தாள் எங்கள் வீட்டில் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். நல்ல உயரம், சிவந்த கழுத்து, எல்லாரையும் அந்த ஊர் வழக்கப்படி "லவ்" என்றே கூப்பிடுவார். நகரத்துக்கு வெளியே ஒரு வெட்டவெளியில், இரும்புத் தட்டில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். மற்றவர்கள் எல்லாம் வேறு கட்டடங்களிலிருந்து வந்த, கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்ட ஆண்கள். முதலில் போனவர் தீயணைக்கும் சிலிண்டரால் சுவாலையின் உச்சிக்கு அடித்தார். நெருப்பு அசையவில்லை. என் முறை வந்ததும் நான் சிலிண்டரில் எழுதியிருந்ததை மேலிருந்து கீழே ஒரு தடவை வாசித்தேன். பயத்தில் ஒன்றும் மனதில் நிற்காததால் இன்னொரு தடவையும் வாசித்தேன்.

"வாசித்து முடித்துவிட்டாயா, லவ்? நெருப்பு உனக்காகக் காத்திருக்கிறது" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். சுவாலையின் அடியைப் பார்த்து அடிக்கச் சொல்லி அதில் எழுதியிருந்தது. அடித்தேன். நெருப்பு ஒரே மூச்சில் அடங்கியது. கோட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். அன்று வீட்டுக்கு வரும் வழியில் ட்ராமில் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இடத்துக்குப் போனார்.

கடைசிச் சோதனை எங்கள் கட்டடத்திலேயே நடந்தது. மணி அடித்ததும் நான் மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் அறையாகப் பார்த்து, எல்லாரையும் படிக்கட்டுக்கு அனுப்பிவிட்டு, கடைசி ஆளாக இறங்கி, எதிர் நடைபாதையில் தலைகளை எண்ண வேண்டும். அதைச் சரியாகச் செய்தால்தான் சான்றிதழ்.

மணி அடித்தது. மேசைகளைக் காலி செய்தேன், கழிவறைப் பத்திரிகைக்காரரைக்கூடக் கிளப்பினேன். கடைசியில் மனேஜரின் அறை. மனேஜர் தொலைபேசியில் இருந்தார்.

ஒவ்வொரு நாளும் அவருடைய தேநீரோடு அந்த வாசலில் நிற்பேன். அவர் பேசி முடித்து நிமிர்ந்து பார்க்கும்வரை உள்ளே போகமாட்டேன். பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே வாய் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். அன்றும் கால்கள் அந்த இடத்திலேயே நின்றன. அவர் என்னைக் கண்டு இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு நிமிடம். நான் தலையாட்டினேன். அதோடு விட்டேனா? மணிச் சத்தம் அவருடைய பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்குமே என்று கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, வெளியே கை கட்டி நின்றேன்.

பயிற்சியாளர் மூச்சு வாங்க மேலே வந்தார். கையில் சோதனை நேரத்தை அளக்கும் கடிகாரம்.

"அவர் எங்கே?"

"சேர் தொலைபேசியில் இருக்கிறார்."

அவர் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "லவ், நீ செத்துப்போனாய். அவரும் செத்துப்போனார். ஆனால் இவ்வளவு மரியாதையாகச் செத்தவர்களை நான் பார்த்ததே இல்லை."

அடுத்த வியாழக்கிழமை இன்னொரு தடவை தருவதாகச் சொன்னார். அதிலும் தவறினால் வேறொருவரின் பெயரை எழுத வேண்டிவரும் என்றும் சொன்னார்.

கதையைக் கேட்டு என் கணவர் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு எங்கள் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கதிரையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். "நான்தான் மனேஜர். என்னை எழுப்பும் பாப்பம்."

"சேர், கொஞ்சம்..."

"என்ன கொஞ்சம்? நெருப்புக் கொஞ்சமாவே வரும்?"

"சேர், தயவுசெய்து எழும்புங்கோ."

"மாட்டன். தேத்தண்ணி கொண்டு வாரும். சீனி கூட."

"பகிடி விடாதேங்கோ."

"நேற்றையான் தேத்தண்ணியும் சரியில்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எழும்புங்கோ எண்டெல்லோ சொல்லுறன்! வையுங்கோ அந்த ரெலிபோனை!"

அவர் துள்ளி எழும்பினார். பக்கத்து வீட்டு இத்தாலிய அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். என் கணவர் யன்னலால் கையசைத்து, நெருப்புக்குப் பயிற்சி நடக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இந்தக் குரலை இத்தனை வருஷமா எனக்கு மட்டும்தான் தந்தனீர். மனேஜருக்கும் கொஞ்சம் குடுமன்."

வியாழக்கிழமை தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. வண்டியை வழியில் விடாமல் ஓர் அறைக்குள் தள்ளிவிட்டு, தொப்பியைப் போட்டேன். மேசைகள் காலி. கழிவறை காலி. மனேஜர் தொலைபேசியில் இருந்தார்.

இரண்டு விரல்.

"சேர்" என்றேன். வாய் அதற்கு மேல் வரவில்லை. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எப்படி அந்த மேசையைச் சுற்றிப் போனேன் என்று தெரியாது. விரலை நீட்டித் தொலைபேசியின் கொக்கியை அழுத்தினேன். பேச்சு அறுந்தது.

"எழும்புங்கோ!"

தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியது. கதிரையை விட்டு எழும்பிவிட்டார். கோட்டை எடுக்கக் கை நீட்டியபோது, "கோட் வேண்டாம் சேர், நடவுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வாய் வந்துவிட்டது. ஒன்பது மாடி. அவர் முன்னால் சட்டையோடு, நான் பின்னால் மஞ்சள் தொப்பியோடு.

எதிர் நடைபாதையில் எண்ணினேன். முப்பத்தெட்டு. என் எண்ணிக்கையில் எனக்கு நம்பிக்கை இல்லாததால் மறுபடி எண்ணினேன். முப்பத்தெட்டேதான், அன்று வேலைக்கு வந்திருந்த அத்தனை பேரும். பயிற்சியாளர் கடிகாரத்தை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"உன் முழுப் பெயரைச் சொல்லு, லவ். சான்றிதழில் பிழையாக எழுதக் கூடாது."

என் பெயரும் அப்பாவின் பெயரும் நீளமானவை. அவசரப்படாமல் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவரும் ஒன்றுகூட விடாமல் எழுதிக்கொண்டார்.

அப்போது மனேஜர் என்னிடம் வந்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று தெரியுமா?"

"தெரியாது, சேர்."

"சிட்னித் தலைமையகத்தின் பெரியவர். முக்கால் மணி நேரமாக விடாமல் பேசினார். நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். "இப்போது மேலே போகலாமா?"

கீழ்த்தளப் பொறுப்பாளர் எனக்குக் கைகாட்டி, நான் இவர்களுக்குக் கைகாட்டும்வரை யாரையும் உள்ளே விடக் கூடாது. அங்கே இன்னும் யாரும் கைகாட்டவில்லை.

"இன்னும் இல்லை, சேர்" என்றேன்.

அவர் "சரி" என்று சொல்லிவிட்டுப் போய் மற்றவர்களோடு வரிசையில் நின்றார். நல்ல வெயில். முப்பத்தெட்டுப் பேரும் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.