ராஜபாய் அக்கா வெளுத்த ரத்தச் சட்டை

ராஜபாய் அக்காவைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. எனக்கு அவ்வளவு பிடித்த மனுஷியும் வேறில்லை. சொந்த ஊர் பாறசாலை, இப்போது கரமனையில் ஒற்றை அறையில் குடியிருக்கிறார். இருபது வருடம் ஆஸ்பத்திரித் துணி வெளுத்தவரை எங்கள் மலையாளப் பழிவாங்கும் படத்தின் சலவைக்குக் கூட்டி வந்தவன் நான்தான். உடைப் பிரிவில் உதவியாளன், பெயர் லிபின்.

பொன்முடி மலையில் கடைசிக் காட்சி. நாயகன் வில்லனைக் குத்துவதைப் பாதி எடுப்பதற்குள் மழை கொட்டிவிட்டது. மீதி மறுநாள். அதுவரை நாயகனின் சட்டையில் ரத்தக் கறை அப்படியே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட துணியில் மஞ்சள் அட்டை கட்டுவது என் வேலை. அட்டை இருந்தால் துவைக்கக் கூடாது. நனைந்த துணிகளையெல்லாம் அக்கா வாரிக்கொண்டு போனார், என் பேண்டையும் சேர்த்து.

காலையில் விடுதி வராந்தாவில் அந்தச் சட்டை பளிச்சென்று தொங்கியது. அக்காவிடம் ஓடினேன்.

“அய்யோ அக்கா, என்ன காரியம் செஞ்சீங்க!”

“ரத்தம் காயும்முன்ன பச்சத்தண்ணியில போடாட்டா போவுமா மக்களே? எப்படி வெளுத்திருக்கு, பாத்தியா!”

“மஞ்சள் அட்டையைப் பாக்கலியா? கண்ணு எங்க போச்சு?”

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இன்னொரு தப்பு நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று இயக்குநர் என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவர் வந்ததும் நான் அக்காவைக் கைகாட்டினேன். மனிதர் அவரை மலையாளத்தில் வறுத்தெடுத்துவிட்டார்.

“தப்பு எனக்கதான் சாரே. ஒரு மணிக்கூர் தரணும்” என்று அக்கா ஒரு மணி நேரம் கேட்டார்.

மேக்கப்காரர்களிடம் சிவப்புச் சாயம் வாங்கி, எஸ்டேட் தேயிலையில் கடுஞ்சாயா போட்டு, இரண்டையும் சட்டையில் தொட்டுத் தொட்டு வைத்தார். காலரில் மூன்று பொட்டு, பாக்கெட் மேல் கை துடைத்த தடம். ஒன்றையும் மறக்கவில்லை. “காஞ்ச ரத்தம் ஓரத்துல கறுத்து நிக்கும், கேட்டியா” என்றார். இயக்குநர் முந்தின நாள் புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, “இதாணு ஒறிஜினல்!” என்றார். படப்பிடிப்பு நடந்தது.

சாயங்காலம் என் பேண்டைத் தேய்த்துக் கொடுத்தார். பாக்கெட்டில் கைவிட்டால் மஞ்சள் அட்டை. நான் கட்டவே மறந்த அட்டை.

“பேண்டைத் துவைக்கும்ப கெடச்சுது. நீ அட்டைன்னு கத்தினப்பந்தான் எனக்குக் காரியம் வெளங்கிச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா!”

“சொன்னா உனக்க வேலை போவும்லா? சாயா குடி மக்களே.”

வெட்கத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அட்டையை எடுத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்கு நடந்தேன்.

“லேய், சொன்னா கேளுல! இப்பிடி அவசரப்படாத, வெப்ராளம் பிடிச்சவனே!” என்று அக்கா பின்னாலேயே ஓடிவந்தார்.