துரைசாணியின் கையளவு

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருடங்களாகியும் மஸ்கெலியாவுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைதான் நிர்வாகியாக இருந்தார். மேட்டுப் பங்களாவில் அவரும் அவர் மனைவி துரைசாணியும் வசித்தார்கள். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் தச்சு வேலை. தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துக்குத் துரை வந்தது என் நினைவில் ஒரே ஒரு முறைதான். மத்தியானமே பனி மூடிவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக நடந்து வந்தார். துணியில் சுற்றிய கைத்துவக்கையும் ஒற்றைத் தோல் கையுறையையும் அப்பாவிடம் நீட்டினார்.

"தொரசாணிக்குத் தனியா இருக்கப் பயம். அவ கை சின்னது. பிடியை அதுக்குச் சரியா செதுக்கு."

"அம்மாவே ஒருக்கா வந்து புடிச்சுப் பாத்தாங்கன்னா நல்லதுங்க ஐயா," என்றார் அப்பா.

"அது போதும்," என்று கையுறையைக் காட்டிவிட்டுத் துரை போய்விட்டார்.

கையுறை அப்பாவின் கைக்குள் நுழையவில்லை. அம்மாவுக்கும் கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரல்கள். பத்து வயதான எனக்குத்தான் அது கச்சிதமாக இருந்தது. உள்ளே ஒவ்வொரு விரலுக்கும் முன்பே பள்ளம் விழுந்து கிடந்தது. இன்னொருவர் கைக்குள் என் கையை விட்டதுபோல் உடம்பு கூசியது. கழற்றிவிடலாமா என்று தோன்றியது. ஆனாலும் பெருமையாக இருந்தது.

குண்டு இல்லை என்று திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு அப்பா துவக்கை என்னிடம் கொடுத்தார். விசைக்கு என் விரல் எட்டவில்லை. மரப்பிடியை அரத்தால் ராவினார், பிடிக்கச் சொன்னார், மறுபடி ராவினார். பொழுது சாய்வதற்குள் விரல் தானாகப் போய் விசையில் உட்கார்ந்தது.

"இப்ப எப்படி இருக்கு புள்ள?"

"எனக்கே செஞ்ச மாதிரி இருக்குப்பா."

"போதுங்க. அதை அவகிட்டயிருந்து வாங்குங்க," என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

அப்பா துவக்கைத் துரையிடம் திருப்பிக் கொடுத்த பிறகு, அடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் துரைசாணியைப் பார்த்தேன். பனிக்குள் முதலில் வெள்ளைக் கவுன் மட்டும்தான் தெரிந்தது, முகம் பிறகுதான் வந்தது. அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தொவக்கு கைக்குச் சரியா இருக்குங்களாம்மா? எங்கப்பாதான் செதுக்குனாரு. நான்தான் புடிச்சுப் பாத்தேன்."

"என்ன தொவக்கு?"

"நீங்க தனியா இருக்கப் பயப்படுறீங்கன்னு தொரை குடுத்தாருங்களே."

அவர் என் வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கையோடு சேர்த்து வைத்தார். இரண்டும் ஒரே அளவு. அவர் கை சில்லிட்டிருந்தது.

"நான் பயம் சொல்லல," என்றார், என்னிடம் சொல்வதுபோல் இல்லை. பங்களா இருந்த மேட்டைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அந்தப் பக்கமே நடந்தார். வேறு வழி அவருக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

சில நாளில், அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடி நின்ற காலையில், பங்களாவிலிருந்து ஒரு வெடிச் சத்தம் கேட்டது. துரைசாணி தன்னைத் தானே சுட்டுக்கொண்டார் என்றார்கள். துவக்கு அவர் கைக்குள் அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்ததாம்.

இன்ஸ்பெக்டர் எங்கள் வாசலுக்கு வந்தார். பக்கத்தில் துரை நின்றார்.

"இதைச் செதுக்கச் சொன்னது யாரு?"

அப்பா துரையின் காலில் இருந்த சப்பாத்துகளைப் பார்த்தார். "தொரசாணி அம்மாதாங்க."

"அவங்களே வந்தாங்களா?"

"வந்தாங்க. கையை வச்சு அளவும் குடுத்தாங்க."

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் விரல்கள் என் தோளில் நகம் பதிய அழுந்தின.

மழைக்காலத்துக்கு முன்பே லயத்தை விட்டு எங்களைத் தனி வீட்டுக்கு மாற்றினார்கள். கண்ணாடி ஜன்னல் வைத்த வீடு. அப்பா நல்ல வேலைக்காரர், அதனால்தான் கொடுத்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். ஒரு நாள் சாப்பிடும்போது அப்பாவிடமும் அதைச் சொன்னேன். சோற்றில் கை வைத்தவர் அப்படியே எழுந்து வெளியே போய்விட்டார். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று அவர் பங்கு கருவாட்டையும் நானே எடுத்துச் சாப்பிட்டேன்.