கீழ்வீட்டு அண்ணை சொன்ன வானிலை

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் கீழ்வீட்டில் இருந்த அண்ணை மே மாதத்திலும் கம்பளித் தொப்பியைக் கழற்றமாட்டார். காலையில் பிரெஞ்சு வானொலி கேட்டுவிட்டு, வாசலில் நின்று வேலைக்குப் போகிறவர்களுக்கு வானிலை சொல்லுவார்.

"இண்டைக்குக் காத்தும் தூறலும்தான். மிளகாய்க் கண்டுகளை வெளியில வையுங்கோ, தங்கச்சி," என்றார் ஒருநாள். வீட்டுக்குள் தொட்டிகளில் வளர்த்த கன்றுகளை வைத்தேன். அன்றிரவு உறைபனி விழுந்து கன்றுகள் எல்லாம் கருகிப்போயின.

விடிந்ததும் அவரே கதவைத் தட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரேடியோவில மழை, காத்து எண்ட பிரெஞ்சுச் சொல்லுகள்தான் எனக்கு விளங்கும். மிச்சத்தை நானாச் சொல்லுறனான். ஆக்களுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"அதுக்கென்ன அண்ணை," என்றேன்.

அதன்பிறகு அவர் காலையில் வாசலுக்கு வந்து நிற்கவில்லை. ஏன் என்று பலர் என்னிடம் கேட்டார்கள். அவர் வாசலில் நின்றே, தெரியாது என்றேன். பூட்டிய கதவுக்குப் பின்னால், நான் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது அவருக்குக் கேட்டிருக்குமா என்று இன்னும் யோசிக்கிறேன்.